தரவாக இருப்பதிலிருந்து ஆய்வாளராக: உலகளாவிய சுகாதார, வளர்ச்சி ஆய்வுகளில் நிதி, பயிற்சி, மாநாட்டு வாய்ப்புகள்

2018ஆம் ஆண்டு ஐ.நா. பெண்கள் அமைப்பு வெளியிட்ட அறிக்கை ஒன்று, இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, ஆதிக்கச் சாதிப் பெண்களினுடையதைக் காட்டிலும் 14.6 ஆண்டுகள் குறைவு என்று குறிப்பிட்டது. அந்த எண் அதன்பின் எண்ணற்ற கட்டுரைகளிலும் உரைகளிலும் மேற்கோளாக இடம்பெற்றது. நாமும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் அத்தகைய எண்களைத் தேடிக் கணக்கிட்டு எழுதுபவர்களிடையே நம்மவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். நமது உடல், நமது நோய், நமது சாவு ஆகியவை ஆய்வுக்குரிய தரவுகளாகின்றன. ஆய்வின் கேள்வியை வகுப்பதும், நிதியைப் பெறுவதும், முடிவை அரங்கில் எடுத்துரைப்பதும் பெரும்பாலும் பிறர் கையில் இருக்கின்றன.

உலகளாவிய சுகாதாரம், வளர்ச்சி ஆகிய துறைகளில் உதவித்தொகைகள், பயிற்சிகள், மாநாடுகள் குறித்து ஆண்டுதோறும் அறிவிப்புகள் வெளியாகின்றன. அவை அனைவருக்கும் பொதுவானவை போலத் தோன்றும். ஆயினும் அந்த அறிவிப்புக்கும் ஓர் ஒடுக்கப்பட்ட மாணவருக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பல வாயில்கள் உள்ளன. ஆங்கிலத் தேர்வுக் கட்டணம், பரிந்துரைக் கடிதம், கல்லூரிக்கான முன்பணம், விசாவுக்கு வங்கி இருப்பு, முதலில் செலவழித்துப் பின்னர் பெற வேண்டிய பயணப்படி என அவை நீள்கின்றன. வாய்ப்புகளோடு இந்த வாயில்களையும், அவற்றைக் கடப்பதற்கான சட்ட வழிகளையும் சேர்த்து இக்கட்டுரையில் தொகுத்துள்ளோம்.

இத்துறை யாருக்கானது?

பொதுச் சுகாதார ஆய்வு மருத்துவர்களுக்கு மட்டுமே உரியது என்பது தவறான எண்ணம். நோய் பரவும் முறையை ஆராயும் தொற்றுநோயியலுக்கு மருத்துவம், புள்ளியியல், உயிரறிவியல் படித்தவர்கள் வருகின்றனர். சுகாதாரக் கட்டமைப்பு, கொள்கை, உரிமை ஆகியவற்றை ஆராயச் சமூகவியல், பொருளியல், சட்டம், சமூகப்பணி, இதழியல் படித்தவர்களும் தேவைப்படுகின்றனர். உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த, மைக்கேல் மார்மட் தலைமையிலான ஆணையம் 2008இல் அளித்த அறிக்கை, நோயையும் ஆயுளையும் தீர்மானிப்பவை வாழ்நிலை, வேலை, அதிகாரம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுகளே என்பதை விரிவாக நிறுவியது. சாதி என்பது நமது மண்ணில் அந்த ஏற்றத்தாழ்வின் ஆணிவேர்.

நம்மவர்களும் நம் பக்கம் நிற்பவர்களும் கேள்வியை வகுக்கும்போது ஆய்வே மாறுகிறது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகள் மருத்துவச் சேவை பெறுவதில் சந்திக்கும் பாகுபாடு குறித்து சங்கமித்ரா ஆச்சார்யா மேற்கொண்ட ஆய்வு இதற்கு ஒரு சான்று. அரசு ஆவணங்களில் 'சேவை வழங்கப்பட்டது' என்று பதிவாகும் இடத்தில், அச்சேவை எப்படி வழங்கப்பட்டது, யாரைத் தொட்டு வழங்கப்பட்டது, யாரைத் தொடாமல் வழங்கப்பட்டது என்று அந்த ஆய்வு கேட்டது.

இன்னும் கேட்கப்பட வேண்டியவை பல. தேசியக் குடும்பநல ஆய்வின் அறிக்கைகள் 'பட்டியல் சாதி' என்ற ஒரே தலைப்பில் நம் அனைவரையும் அடக்கிவிடுகின்றன. அத்தலைப்புக்குள் தூய்மைப் பணியில் தள்ளப்பட்ட சமூகங்களின் நிலை தனியே தெரிவதில்லை. கழிவுநீர்த் தொட்டியில் நேரும் மரணங்கள் ஓரளவேனும் எண்ணப்படுகின்றன. அப்பணியிலேயே பல ஆண்டுகள் உழைத்து நுரையீரலும் தோலும் சிதைந்து வீட்டில் நேரும் மரணங்களை எண்ணுவார் இல்லை. இவற்றைக் கேட்பதற்கு நமக்கு நிதியும் பயிற்சியும் அரங்கும் தேவை.

அரசு உதவித்தொகைகள்: சலுகையன்று, உரிமை

1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையால் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அதன் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. மீண்டும் லண்டன் செல்ல அவருக்கு 1920 வரை ஆனது. உதவித்தொகை நின்றால் படிப்பும் நிற்கும் என்பதைத் தம் வாழ்விலேயே அறிந்த அவர், 1942இல் வைஸ்ராயிடம் அளித்த கோரிக்கை மனுவில், பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி பெற அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். விடுதலைக்குப்பின் 1954-55இல் தொடங்கப்பட்ட தேசிய அயலக உதவித்தொகைத் திட்டத்தை அக்கோரிக்கையின் தொடர்ச்சியாகவே நாம் காண வேண்டும்.

ஒன்றியச் சமூகநீதி அமைச்சகம் நடத்தும் இத்திட்டத்தில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. எஞ்சியவை சீர்மரபினர், நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுவழிக் கைவினைஞர் ஆகியோருக்கு உரியவை. முதுநிலை, முனைவர் படிப்புகளுக்கு இது பொருந்தும். வயது 35க்குள் இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தகுதிப் படிப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் தேவை. 30 விழுக்காடு இடங்கள் பெண்களுக்கு. உலகத் தரவரிசையில் முதல் 500 இடங்களுக்குள் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்க்கை பெற்றிருக்க வேண்டும். கல்விக் கட்டணம், விமானக் கட்டணம், விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு ஆகியவை வழங்கப்படும். வாழ்க்கைச் செலவுக்குப் பிரிட்டனில் ஆண்டுக்கு 9,900 பவுண்டும், அமெரிக்கா உள்ளிட்ட பிற நாடுகளில் 15,400 டாலரும் உண்டு.

இத்திட்டத்தில் மூன்று சிக்கல்களை மாணவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பாடப்பொருள் தடை. 2022-23ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிமுறைகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா தொடர்பான சமூக ஆய்வுகள் ஆகிய தலைப்புகளுக்கு உதவித்தொகை இல்லை என்ற விதி சேர்க்கப்பட்டது. எத்தலைப்பு இதற்குள் வரும் என்பதைத் தேர்வுக்குழுவே முடிவு செய்யும். இந்தியாவில் சாதியும் நலவாழ்வும் குறித்து வெளிநாட்டில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர் இவ்விதியால் நேரடியாகப் பாதிக்கப்படலாம். எனவே தொற்றுநோயியல், சுகாதாரக் கொள்கை, சுகாதாரப் பொருளியல் என்ற துறைப் பெயரும் முறையியலும் முதன்மையாகத் தெரியும்படி ஆய்வுத் திட்டத்தை எழுதுவது நல்லது. அதே வேளையில், நமது வாழ்வை நாம் ஆராயக் கூடாது என்னும் இவ்விதி அரசமைப்பின் 14ஆம் உறுப்பு கூறும் சமத்துவத்திற்கும், 46ஆம் உறுப்பு அரசின்மேல் சுமத்தும் கல்விக் கடமைக்கும் முரணானது என்பதே நமது நிலைப்பாடு. பணம் படைத்தவர் எத்தலைப்பையும் ஆராயலாம், அரசின் உதவியை நம்பியிருப்பவர் மட்டும் தன்னைப் பற்றி ஆராயக் கூடாது என்பதை எந்த நியாயத்தில் ஏற்பது?

இரண்டாவது, நிதி. 2025-26ஆம் ஆண்டுக்கு முதலில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கே தற்காலிக ஒப்புதல் கடிதம் வழங்கப்பட்டது. எஞ்சிய 66 பேருக்கு நிதி இருந்தால் வழங்கப்படலாம் என்று 2025 ஜூலையில் அமைச்சகம் தெரிவித்தது. செப்டம்பரில் வகுப்பு தொடங்கும் மாணவருக்கு ஜூலையில் இத்தகைய பதில் கிடைப்பது, இடத்தை இழப்பதற்கு நிகரானது.

மூன்றாவது, தொகையின் போதாமை. 2025 ஜனவரி நிலவரப்படி லண்டனில் படிக்கச் செல்பவர் விசாவுக்காக மாதம் 1,483 பவுண்டு வீதம் 9 மாதங்களுக்கான வாழ்க்கைச் செலவைக் காட்ட வேண்டும் என்பது பிரிட்டன் அரசின் விதி. அது 13,347 பவுண்டு ஆகிறது. 9 மாதங்களுக்குத் தேவை என அந்நாடு வகுத்த தொகையைவிட, நமது அரசு ஓராண்டுக்குத் தரும் தொகை குறைவு. லண்டனுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களையும் பட்டியலில் வைத்துக்கொள்வது இதனால் அவசியமாகிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் மற்றொரு வழி. ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை வழங்கும் இவ்வுதவி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதில் கிறித்தவ ஆதிதிராவிடர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது மிக முக்கியம். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, 1956, 1990 திருத்தங்களுக்குப் பின்னும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்கிறது. ஆகவே தலித் கிறித்தவர்களுக்கு ஒன்றியத் திட்டத்தின் பட்டியல் சாதி ஒதுக்கீடு மூடப்பட்ட கதவாகவே உள்ளது. மாநிலத் திட்டம் அந்தக் கதவை ஓரளவு திறக்கிறது.

நாட்டிற்குள் முனைவர் ஆய்வு செய்வோருக்குப் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை உள்ளது. ஆண்டுக்கு 2,000 இடங்கள். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. தேசியத் தகுதித் தேர்வு எழுதியிருக்க வேண்டும். மாநில அரசும் முழுநேர முனைவர் ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்குகிறது. ஆங்கிலத் தேர்வுகளுக்கான பயிற்சியைத் தாட்கோ கட்டணமின்றி நடத்துகிறது. மாவட்ட அலுவலகத்தில் கேட்டறிந்து, விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே இப்பயிற்சியை முடித்துவிடுவது சிறப்பு.

பிற நாடுகளின் உதவித்தொகைகள்

காமன்வெல்த் உதவித்தொகை 1959 முதல் நடைமுறையில் உள்ளது. சுகாதாரக் கட்டமைப்பை வலுப்படுத்துதல் அதன் கருப்பொருள்களுள் ஒன்று. இதில் 'பகிர்வு உதவித்தொகை' என்ற பிரிவு, தம் சொந்தப் பணத்தில் பிரிட்டனில் படிக்க இயலாதவர்களுக்கு உரியது. வேலையையோ குடும்பத்தையோ விட்டுச் செல்ல முடியாதவர்களுக்குத் தொலைநிலை முதுநிலைப் படிப்புக்கான பிரிவு உண்டு. இந்தியாவில் முனைவர் ஆய்வு செய்துகொண்டே ஓராண்டு வரை பிரிட்டனில் ஆய்வு செய்யும் பிரிவும் உண்டு. தகுதியுள்ள நாடுகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் பிரிவுவாரியாகச் சரிபார்க்க வேண்டும்.

செவனிங், பிரிட்டன் அயலுறவுத் துறை வழங்கும் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கான உதவித்தொகை. 2,800 மணிநேரப் பணி அனுபவம் தேவை. தன்னார்வப் பணியும் ஊதியமில்லாப் பயிற்சியும் இக்கணக்கில் சேரும். களப்பணியாளர்களான நமக்கு இது பெரும் வாய்ப்பு. இயக்கத்தில் ஆற்றிய பணியைத் தேதி, மணிநேரம், பொறுப்பு ஆகியவற்றோடு இன்றே எழுதி வையுங்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், சோவாஸ் ஆகிய மூன்று இடங்களில் படிக்க, நிதி வசதியற்ற இந்திய மாணவர்களுக்கு வழங்கப்படுகிறது. முன்னர் வெளிநாட்டில் படிக்காதவராக இருத்தல் வேண்டும். வளர்ச்சி ஆய்வுக்கு இது மிகப் பொருத்தமானது.

ஜெர்மனியின் டாட் அமைப்பு, வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கென்றே தனித்திட்டம் வைத்துள்ளது. குறைந்தது இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும். கடைசிப் பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகளில் பொதுச் சுகாதாரமும் உண்டு. தேர்வானவர்களுக்கு மாதம் 1,400 யூரோ கிடைக்கும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகையிலும் பொதுச் சுகாதாரம் ஒரு துறை. அதற்கு மூன்றாண்டுப் பணி அனுபவம் தேவை.

இவற்றுள் எதிலும் சாதிவாரி ஒதுக்கீடு இல்லை. எனினும் தேர்வு முறையை நீதியோடு அமைக்க முடியும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. ஃபோர்டு அறக்கட்டளை 2001 முதல் 2013 வரை நடத்திய பன்னாட்டு உதவித்தொகைத் திட்டம், உயர்கல்வியிலிருந்து விலக்கப்பட்ட சமூகங்களையே இலக்காகக் கொண்டு 22 நாடுகளில் 4,300 பேருக்கு மேல் வாய்ப்பளித்தது. சமூக ஈடுபாட்டையும் தகுதியாகக் கருதியது. அத்திட்டம் முடிந்தபின் அந்த இடம் வெறுமையாகவே உள்ளது. பன்னாட்டு நிதியாளர்களோடு உரையாடும் நமது அமைப்புகள் இக்கோரிக்கையை முன்வைக்க வேண்டும்.

நாட்டிற்குள் படிப்பும் பயிற்சியும்

வெளிநாடு செல்வதே ஒரே வழியன்று. சென்னை அயப்பாக்கத்தில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. ஆய்வு முறைகளின் அடிப்படைகளை இணையவழியிலும் கற்பிக்கிறது. சுகாதார ஆய்வு இன்னதென்று அறிய விரும்பும் இளநிலை மாணவர் அந்த இணையவழிப் பாடத்திலிருந்து தொடங்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997 முதல் இத்துறையில் முதுநிலைப் படிப்பு வழங்கி வருகிறது. ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சமூக மருத்துவ மையமும், மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும் சமூக அறிவியல் நோக்கில் நலவாழ்வைக் கற்பிக்கின்றன. இவை அரசு நிதியில் இயங்குபவை. இடஒதுக்கீடு இங்கே சட்டக் கடமை. டாட்டா நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான கட்டண உதவி திரும்பப் பெறப்பட்டபோது, 2018இல் நான்கு வளாகங்களிலும் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நினைவில் கொள்ள வேண்டும். சேர்க்கையோடு கட்டண உதவியின் நிலையையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனத்தில் 1975 முதல் இயங்கும் வெப்பமண்டல நோய் ஆய்வு, பயிற்சிச் சிறப்புத் திட்டம், குறைந்த, நடுத்தர வருமான நாட்டினருக்கு முதுநிலைப் பயிற்சி உதவி அளிக்கிறது. வங்கதேசத்தின் பிராக் பல்கலைக்கழகமும் இந்தோனேசியாவின் கட்ஜா மாடா பல்கலைக்கழகமும் அதில் பங்காளிகளாக இருந்துள்ளன. கண்டறியப்பட்ட மருந்தோ திட்டமோ மக்களைச் சென்றடையாதது ஏன் என்று ஆராய்வதே அதன் மையப்பொருள். சேரிக்குள் சுகாதாரச் சேவை நுழையாதது ஏன் என்ற நமது கேள்வியும் அதுவே.

இயக்கத்தினருக்கு மற்றொரு பள்ளியும் உண்டு. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வங்கதேசத்தின் சாவர் நகரில் கூடிய மக்கள் நலவாழ்வுப் பேரவையில் பிறந்தது மக்கள் நலவாழ்வு இயக்கம். அது நடத்தும் பன்னாட்டு மக்கள் நலவாழ்வுப் பல்கலைக்கழகம் என்னும் குறுகியகாலப் பயிற்சி, களச் செயற்பாட்டாளர்களுக்காகவே அமைந்தது. இந்தியாவில் அதன் கிளை ஜன் ஸ்வாஸ்த்ய அபியான்.

ஆய்வு நிதி

முனைவர் பட்டத்துக்குப் பின்னும், பொதுச் சுகாதாரப் பணி அனுபவத்துக்குப் பின்னும் நாடத்தக்கது இந்தியா அலையன்ஸ் என அழைக்கப்படும் நிதி அமைப்பு. 2008இல் ஒன்றிய உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் இணைந்து தொடங்கிய இவ்வமைப்பு, தொடக்கநிலை, இடைநிலை உள்ளிட்ட படிகளில் ஐந்தாண்டு ஆய்வு நிதி வழங்கிவந்துள்ளது. மருத்துவம், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுக்குத் தனிப்பிரிவு உண்டு. சமூக அறிவியல் நோக்கில் ஆய்வு செய்வோர் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தையும், மருத்துவம் சார்ந்தோர் ஐ.சி.எம்.ஆர். நிறுவனத்தையும் அணுகலாம்.

அமைப்புகள் வெளிநாட்டு ஆய்வு நிதி பெறும்போது சட்டம் வேறு. 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ தேவை. 2020 திருத்தத்துக்குப் பின் ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்ற முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பெரிய தொண்டு நிறுவனத்தின் வழியே சிறிய தலித் அமைப்புகள் ஆய்வுப் பங்கைப் பெற்றுவந்த வழியை இத்திருத்தம் அடைத்துவிட்டது. தனிமனிதருக்கான கல்வி உதவித்தொகை இதனின்று வேறானது. யார் பெயரில், எந்தக் கணக்கில், எதற்காகப் பணம் வருகிறது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிய பின்னரே கையெழுத்திடுங்கள்.

மாநாடுகள்: அரங்கும் பயணச்சீட்டும்

சுகாதாரக் கட்டமைப்பு ஆய்வுக்கான உலகக் கருத்தரங்கு 2010இல் மான்ட்ரூ நகரில் தொடங்கி, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெற்று வருகிறது. 2022இல் பொகோட்டாவிலும் 2024இல் நாகசாகியிலும் கூடியது. அதையொட்டி இளம் ஆய்வாளர்களுக்காக நடத்தப்படும் 'எமர்ஜிங் வாய்சஸ்' பயிற்சி, 2010இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தின் முன்முயற்சியில் உருவானது. தேர்வானவர்களுக்கு உரையாற்றும் பயிற்சியும், கருத்தரங்கில் பங்கேற்கும் வாய்ப்பும் கிடைக்கின்றன. பன்னாட்டு எய்ட்ஸ் மாநாடு நிதியற்றோருக்குப் பதிவு, பயணம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு உதவித்தொகை வழங்கும் வழக்கம் உடையது. உள்நாட்டில் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் ஐ.சி.எம்.ஆர். நிறுவனமும் பன்னாட்டு மாநாடுகளுக்கான பயண உதவித் திட்டங்களை நடத்தியுள்ளன.

மாநாட்டில் நுழையும் சீட்டு, ஆய்வுச் சுருக்கம். 300 சொற்களுக்குள் பின்னணி, முறை, கண்டது, பொருள் என்ற நான்கையும் சொல்ல வேண்டும். களத்தில் நாம் தொகுத்த வழக்கு விவரங்கள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில்கள் ஆகியவை முறையாக ஒழுங்குபடுத்தப்பட்டால் ஆய்வுத் தரவாகும். ஆனால் பாதிக்கப்பட்டோரின் ஒப்புதலும் பெயர் மறைப்பும் கட்டாயம். மனிதர்களை உட்படுத்தும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஆய்வைத் தொடங்கும் முன்பே வேண்டும். அக்குழு இல்லாத சிறு அமைப்புகள், அருகிலுள்ள கல்லூரியோடோ பல்கலைக்கழகத்தோடோ இணைந்து செயல்படலாம்.

சுருக்கம் ஏற்கப்பட்ட பின்னரே உண்மையான தடை எழுகிறது. பயணச்சீட்டை நீங்களே வாங்குங்கள், மாநாடு முடிந்ததும் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்பது பல அமைப்பாளர்களின் நடைமுறை. கடன் அட்டை உடையவருக்கு அது வெறும் படிவம். தினக்கூலிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அது வட்டிக்கடன். ஏற்புக் கடிதம் வந்த அன்றே, பயணச்சீட்டை அமைப்பாளரே நேரடியாக எடுத்துத் தரவும், தங்குமிடத்தை முன்கூட்டியே செலுத்தவும், அன்றாடப்படியை முதல்நாளிலேயே வழங்கவும் எழுத்தில் கேளுங்கள். இதைக் கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை. கேட்டால் ஏற்பாடு செய்யும் அமைப்புகளும் உண்டு, கேளாதவருக்கு யாரும் செய்வதில்லை. கடவுச்சீட்டை மட்டும் ஏற்புக் கடிதத்திற்காகக் காத்திராமல் இப்போதே எடுத்து வையுங்கள்.

சுருங்கும் நிதி

இவ்வாய்ப்புகள் அனைத்தும் ஒரு நெருக்கடியின் நடுவே நிற்கின்றன. அமெரிக்காவின் யு.எஸ்.எய்டு 2025 ஜூலை முதல் தன் வெளிநாட்டு உதவிப் பணிகளை நிறுத்தியது. பிரிட்டன் தன் வளர்ச்சி உதவியை 2027க்குள் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3 விழுக்காடாகக் குறைப்பதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவது, ஏற்கெனவே பெயர் பெற்றவரின் திட்டமாக இருக்காது. புதிதாக நுழைபவரின் வாய்ப்பாகவே இருக்கும். ஆகவே ஒரே திட்டத்தை நம்பியிராமல் ஓர் அரசுத் திட்டம், ஒரு வெளிநாட்டுத் திட்டம், ஓர் உள்நாட்டுப் படிப்பு என மூன்றுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பியுங்கள்.

தடை வந்தால்

தகவல் உரிமைச் சட்டம் முதல் கருவி. பத்து ரூபாய்க் கட்டணத்தில், ஒதுக்கிய இடங்கள் எத்தனை, நிரப்பியவை எத்தனை, ஒதுக்கிய நிதி எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, என் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதன் காரணம் என்ன என்று கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். அடுத்தது, தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம். அரசமைப்பின் 338ஆம் உறுப்பின்கீழ் விசாரணையின்போது அதற்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. காலக்கெடு நெருங்கினால் 226ஆம் உறுப்பின்கீழ் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம்.

2024இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற தலித் மாணவர் அதுல் குமார், 17,500 ரூபாய்க் கட்டணத்தை உரிய நேரத்துக்குள் செலுத்த இயலாமல் இடத்தை இழந்தார். தந்தை தினக்கூலித் தொழிலாளி. 2024 செப்டம்பர் 30 அன்று உச்சநீதிமன்றம் 142ஆம் உறுப்பைப் பயன்படுத்தி அவருக்கு இடமளிக்க உத்தரவிட்டது. வறுமையால் நேர்ந்த தாமதத்தைத் தகுதியின்மையாகக் கருதக் கூடாது என்பதற்கு இத்தீர்ப்பு நமக்குத் துணை நிற்கும். ஆயினும் 142 உச்சநீதிமன்றத்தின் தனி அதிகாரம். எல்லா வழக்கிலும் அதை எதிர்பார்க்க இயலாது. எனவே நாள், நேரம், திரைப்பதிவு, மின்னஞ்சல் என ஒவ்வொரு சான்றையும் பாதுகாத்து வையுங்கள்.

கடல் கடந்தாலும் சாதி விடுவதில்லை. அமெரிக்காவில் 2019இல் பிராண்டைஸ் பல்கலைக்கழகமும், 2022இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் பிரௌன் பல்கலைக்கழகமும் சாதியைப் பாகுபாட்டுத் தடை விதிகளில் சேர்த்தன. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சட்டமே இயற்றியது. பிரிட்டனில் தனிச்சட்டம் இல்லை. 2014ஆம் ஆண்டின் திர்க்கி வழக்குத் தீர்ப்பு, இன வம்சாவளி என்ற வரையறைக்குள் சாதி வரக்கூடும் என்றது. சேரும் பல்கலைக்கழகத்தின் விதிகளில் சாதி இடம்பெற்றுள்ளதா என்பதை முன்பே பாருங்கள்.

விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்

சாதிச் சான்றிதழ், நடப்பு ஆண்டு வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள், கடவுச்சீட்டு ஆகியவற்றில் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். முன்னெழுத்து மாறியிருப்பது நம் மாணவர்களிடையே மிகப் பரவலான இடர். ஆங்கிலத் தேர்வுக் கட்டணம் 17 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்பதால், விரும்பும் பல்கலைக்கழகம் ஆங்கிலவழிக் கல்விச் சான்றை ஏற்குமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். முன்பணத்திலிருந்து விலக்கோ கால நீட்டிப்போ அளிக்குமாறும் கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு உங்கள் பணியை நேரில் அறிந்த ஆசிரியர் ஒருவரையும், களத்தில் உங்களோடு உழைத்த ஒருவரையும் மூன்று மாதங்களுக்கு முன்பே அணுகுங்கள். துறைத்தலைவர் தர மறுத்தால் வேறோர் ஆசிரியரிடம் செல்லலாம். அந்த மறுப்பில் சாதி இருந்தால், 2012ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைப்படி அமைக்கப்பட்ட சமவாய்ப்பு மையத்தில் எழுத்துவழிப் புகார் கொடுங்கள்.

நோக்க உரையில் துன்பத்தை மட்டும் எழுத வேண்டாம். நமது வாழ்வு நமக்குக் கற்பித்த கேள்வி எது, அதை எந்த முறையில் ஆராய்வோம், அதனால் யாருக்கு என்ன மாறும் என்பதை எழுதுங்கள். தேர்வான ஒவ்வொருவரும் தமது விண்ணப்பப் படியை அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் இருவருக்கேனும் தர வேண்டும். ஆதிக்கச் சாதியினருக்கு உறவும் நட்பும் அலுவலகத் தொடர்பும் தலைமுறைதோறும் வழங்கும் வழிகாட்டல் இதுதான். நமக்கு அதை இயக்கம் வழங்க வேண்டும். கல்லூரிதோறும் உள்ள அம்பேத்கர் வாசகர் வட்டங்கள் தம் கூட்டங்களுள் ஒன்றை ஆண்டுதோறும் இதற்கென ஒதுக்கி, விண்ணப்பங்களை ஒன்றாக அமர்ந்து எழுதத் தொடங்கட்டும்.